இந்திய சிமெண்ட் விலைக்கூட்டு வழக்கு

இந்திய சிமெண்ட் விலைக்கூட்டு வழக்கு என்பது, இந்தியாவின் முன்னணி சிமெண்ட் நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தின என்ற குற்றச்சாட்டின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்த வழக்கு ஆகும். இந்தியக் கட்டுநர் சங்கம் 2010 ஜூலையில் அளித்த புகாரின் அடிப்படையில் இவ்வழக்கு தொடங்கியது. 2012 ஜூன் 20 அன்று ஆணையம் ஏறத்தாழ ரூ. 6,300 கோடி அபராதம் விதித்தது. அந்த உத்தரவு 2015 இல் நீக்கப்பட்டு, 2016 இல் புதிய உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. 2018 இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

அபராதம் விதிக்கப்பட்ட நிறுவனங்களுள் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ், அல்ட்ராடெக் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டின் அரியலூர் வட்டாரத்தில் ஆலைகள் இருந்தன. நிறுவனங்கள் சட்டத்தை மீறாமல் தடுப்பது எப்படி, விதிகளுக்கு இணங்கி நடக்கும் பண்பாட்டை அவற்றின் உள்ளே வளர்ப்பது எப்படி என்னும் கேள்விகளுக்கு இவ்வழக்கு ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது.

விலைக்கூட்டும் கணக்கு மோசடியும்

ஒரே பொருளை விற்கும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடாமல், விலை, உற்பத்தி அளவு, விற்பனைப் பகுதி ஆகியவற்றைத் தமக்குள் உடன்பட்டுத் தீர்மானித்துக்கொள்வது விலைக்கூட்டு எனப்படும். இதைக் 'கார்ட்டெல்' என்றும் அழைப்பர்.

இது கணக்கு மோசடியிலிருந்து வேறுபட்டது. கணக்கு மோசடியில் ஏடுகள் பொய்யானவை. எடுத்துக்காட்டாக, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், இருப்பதாகக் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ. 5,040 கோடி உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். விலைக்கூட்டிலோ ஏடுகள் யாவும் சரியாகவே இருக்கலாம். விற்ற மூட்டைகளின் எண்ணிக்கை சரி, வாங்கிய பணம் சரி, கட்டிய வரியும் சரி. விலை உருவான விதம் மட்டுமே தவறு. ஆகையால் கணக்குத் தணிக்கையாளரால் இதைக் கண்டுபிடிப்பது அரிது.

கணக்கு மோசடியால் முதலில் பாதிக்கப்படுவோர் பங்குதாரரும் கடன் கொடுத்தோரும் ஆவர். விலைக்கூட்டால் பாதிக்கப்படுவோர் பொருளை வாங்கும் பொதுமக்கள். ஏறத்தாழ 1,000 சதுர அடி வீடு கட்ட 50 கிலோ எடையுள்ள 400 மூட்டை சிமெண்ட் தேவை என்று பொதுவாகக் கணக்கிடுவர். பேசிவைத்து ஏற்றியதால் மூட்டைக்கு 30 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரர் 12,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறார். தாம் இழந்தது அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. இதுவே இக்குற்றத்தின் தனித்தன்மை ஆகும்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியக் காலத்தில், அரியலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்லே இன்று இங்கு சிமெண்ட் தொழிலுக்கு மூலப்பொருளாக உள்ளது.

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. ஆகவே ஆலத்தியூர், தளவாய் போன்ற ஊர்களின் சிமெண்ட் ஆலைகள் பழைய ஆவணங்களில் பெரம்பலூர் மாவட்டத்தின் கீழ் குறிப்பிடப்பட்டிருக்கும்.

இவ்வட்டாரத்தில் உள்ள சில ஆலைகள் பின்வருமாறு:

* அரியலூர்: தமிழ்நாடு அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் (டான்செம்) ஆலை. 1979 இல் தொடங்கப்பட்டது.
* ஆலத்தியூர், கோவிந்தபுரம்: மெட்ராஸ் சிமெண்ட்ஸ். இந்நிறுவனம் 2013 இல் ராம்கோ சிமெண்ட்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது.
* தளவாய்: இந்தியா சிமெண்ட்ஸ். இந்நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக்கின் கட்டுப்பாட்டில் வந்தது.
* ரெட்டிப்பாளையம்: முன்பு கிராசிம், 2010 முதல் அல்ட்ராடெக்.

இவை தவிர டால்மியா, செட்டிநாடு ஆகிய நிறுவனங்களின் ஆலைகளும் இங்கு உள்ளன. அவ்விரு நிறுவனங்களும் 2012 ஆம் ஆண்டு உத்தரவில் அபராதம் விதிக்கப்பட்டவற்றுள் இல்லை.

சிமெண்ட் தொழிலில் விலைக்கூட்டு தோன்றுவதற்கான காரணங்கள்

சிமெண்ட் தொழிலில் விலைக்கூட்டு பற்றிய வழக்குகள் பல நாடுகளில் நடந்துள்ளன. இதற்குப் பொருளியலாளர் கூறும் காரணங்கள் சில:

1. பொருளில் வேறுபாடு குறைவு. ஒரே தரத்தைச் சேர்ந்த சிமெண்டுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லாததால், போட்டி பெரும்பாலும் விலையில்தான் நடைபெற வேண்டியுள்ளது. விலையில் உடன்பாடு ஏற்பட்டுவிட்டால் போட்டியே இல்லாமல் போகிறது.
2. எடை மிகுதி, விலை குறைவு. தொலைவில் இருந்து கொண்டுவந்தால் வண்டிச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு வட்டாரமும் ஏறத்தாழ ஒரு தனிச் சந்தையாக இருக்கிறது.
3. ஆலைகள் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்திலேயே அமைகின்றன. ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படுவதே இதற்குக் காரணம். இதனால் போட்டி நிறுவனங்கள் அண்டை வீட்டாராக ஆகின்றன.
4. புதிய ஆலை தொடங்கப் பெரும் முதலீடும் சுரங்கக் குத்தகையும் தேவை. புதியவர்கள் எளிதில் நுழைய முடியாது.

இந்தியாவிற்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. 1982 வரை சிமெண்டின் விலையையும் பங்கீட்டையும் அரசே தீர்மானித்தது. 1982 இல் கட்டுப்பாடு பகுதியளவிலும், 1989 மார்ச்சில் முழுமையாகவும் நீக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே விலை என்பது சட்டம். கட்டுப்பாடு நீங்கிய பின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் ஒரே நாளில் மாறலாம். ஒரு தொழிலின் பழக்கங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

வழக்கின் வரலாறு

பழைய சட்டத்தின் கீழ் இயங்கிய முற்றுரிமை மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் ஆணையம், 2007 டிசம்பரிலேயே சிமெண்ட் நிறுவனங்கள் கூட்டாகச் செயல்பட்டன என்று முடிவு செய்து, அதை நிறுத்துமாறு உத்தரவிட்டிருந்தது. அபராதம் விதிக்கும் அதிகாரம் அவ்வாணையத்திற்கு இல்லை. போட்டிச் சட்டம் 2002 இல் இயற்றப்பட்ட போதிலும், விலைக்கூட்டைத் தடைசெய்யும் அதன் 3 ஆம் பிரிவு 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

பின் நிகழ்ந்தவை:

* 2010 ஜூலை: இந்தியக் கட்டுநர் சங்கம் புகார் அளித்தது.
* 2012 ஜூன் 20: ஆணையம் அபராதம் விதித்தது. 2009-10 (2009 மே 20 முதல்), 2010-11 ஆகிய காலங்களின் நிகர இலாபத்தில் பாதி அபராதமாகக் கணக்கிடப்பட்டது. அல்ட்ராடெக்கிற்கு ரூ. 1,175.49 கோடி, மெட்ராஸ் சிமெண்ட்சிற்கு ரூ. 258.63 கோடி, இந்தியா சிமெண்ட்சிற்கு ரூ. 187.48 கோடி விதிக்கப்பட்டது. சிமெண்ட் உற்பத்தியாளர்கள் சங்கத்திற்கும் தனியே அபராதம் விதிக்கப்பட்டது.
* 2015 டிசம்பர் 11: போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை நீக்கி, மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது.
* 2016 ஆகஸ்ட் 31: ஆணையம் மறுபடி விசாரித்து, மீண்டும் அபராதம் விதித்தது.
* 2018 ஜூலை 25: தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனங்களின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.
* 2018 அக்டோபர்: உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளை விசாரணைக்கு ஏற்றது. அபராதத்தில் 10 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது.

2015 ஆம் ஆண்டின் தீர்ப்பு தனியே கவனிக்கத்தக்கது. விலைக்கூட்டு நடந்ததா இல்லையா என்பதைத் தீர்ப்பாயம் அப்போது முடிவு செய்யவில்லை. வாதங்கள் கேட்கப்பட்ட நாட்களில் அமர்வில் இல்லாத ஆணையத் தலைவர், இறுதி உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார். வழக்கைக் கேட்டவரே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. அவ்விதி மீறப்பட்டதே உத்தரவு நீக்கப்படக் காரணம். விதிகளைக் காக்க அமைந்த அமைப்பே ஒரு விதியைத் தவறவிட்டதால், நான்கு ஆண்டுகள் கழித்து வழக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்கப்பட வேண்டியதாயிற்று.

ஆணையத்தின் முடிவும் நிறுவனங்களின் மறுப்பும்

விலை பேசி எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இவ்வழக்கில் கிடைக்கவில்லை. ஆணையம் சூழ்நிலைச் சான்றுகளையே நம்பியது. அவற்றுள் முதன்மையானவை:

* நிறுவனங்களின் விலைகள் ஒரே காலத்தில் ஒரே திசையில் நகர்ந்தன.
* ஆலைகளின் நிறுவப்பட்ட திறன் கூடியபோதும், திறன் பயன்பாடு 2009-10 இல் 83 விழுக்காட்டிலிருந்து 2010-11 இல் 73 விழுக்காடாகக் குறைந்தது.
* 2010 நவம்பர், டிசம்பர் மாதங்களில் உற்பத்தியும் அனுப்புகையும் குறைந்தன. அடுத்து 2011 இன் தொடக்கத்தில் விலை ஏறியது.
* உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கூட்டங்களை அடுத்து விலைகள் உயர்ந்தன. சங்கம் உறுப்பினர்களின் விலை, உற்பத்தி, அனுப்புகை விவரங்களைத் திரட்டிவந்தது.

நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. மழையாலும் தேவைக் குறைவாலும் உற்பத்தி குறைந்தது என்றும், விலை விவரங்கள் அரசுத் துறை கேட்டதால் திரட்டப்பட்டவை என்றும், ஒரே மாதிரியான பொருளின் விலைகள் சேர்ந்து நகர்வது இயல்பே என்றும் அவை வாதிட்டன.

மெய்ப்பிப்பதில் உள்ள சிக்கல்

நிறுவனங்களின் கடைசி வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு தெருவில் இரண்டு தேநீர்க் கடைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தேநீரின் விலையை இரண்டு ரூபாய் ஏற்றுகிறார். மற்றவர் அதைப் பார்த்துத் தாமும் ஏற்றுகிறார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. விலை ஒன்றாக ஏறினாலும் இது குற்றமன்று. முந்தைய நாள் இரவு இருவரும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தால் குற்றம். மறுநாள் காலை தேநீர் குடிக்க வருபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சமையல் எரிவாயு உருளை வழக்கொன்றில் வலியுறுத்தியது. அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தப் புள்ளியில் பல தயாரிப்பாளர்கள் ஒரே விலையைக் குறிப்பிட்டிருந்தபோதும், அச்சந்தையின் அமைப்பே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கூறி, கூட்டுச் சதி என்ற முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே விலை வரைபடங்கள் மட்டும் போதா. அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதை அங்கிருந்த ஒருவரே சொல்ல முடியும். அவர் சொல்வதற்கு வழி செய்வதே தடுப்பு முறைகளின் நோக்கமாக உள்ளது.

சட்டவழித் தடுப்பு முறைகள்

அபராதம்: விலைக்கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இலாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலின் 10 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2024 மார்ச் முதல் இந்த உச்சவரம்பிற்கு நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதல் கணக்கில் கொள்ளப்படுகின்றது. விலைக்கூட்டுக்காக இந்தியாவில் சிறைத்தண்டனை இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. இந்தியாவிலும் கணக்கு மோசடி போன்ற குற்றங்களுக்கு, நிறுவனங்கள் சட்டம் 2013 இன் 447 ஆம் பிரிவின் கீழ் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தண்டனைக் குறைப்பு: கூட்டில் பங்கேற்ற நிறுவனம் தானே முன்வந்து முழு உண்மையையும் கூறினால் அபராதம் குறைக்கப்படும். முதலில் வருபவருக்கு 100 விழுக்காடு வரையும், இரண்டாவதாக வருபவருக்கு 50 விழுக்காடு வரையும், அடுத்து வருபவருக்கு 30 விழுக்காடு வரையும் குறைக்க இடமுண்டு. இதனால் கூட்டாளிகளுள் யார் முதலில் போய்ச் சொல்வார் என்ற ஐயம் எப்போதும் இருக்கும். கூட்டின் அடித்தளம் ஒருவர் மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை என்பதால், இந்த ஐயமே அதைத் தகர்க்கும் கருவி ஆகிறது.

தென்னாப்பிரிக்காவில் இம்முறை பயன் தந்தது. அங்கு 2009 இல் சிமெண்ட் நிறுவனங்களில் சோதனை நடந்தபின், பிபிசி என்ற நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டு தண்டனை விலக்குக் கோரியது. ஆப்ரிசாம் 2011 இலும், லஃபார்ஜ் 2012 இலும் அபராதம் செலுத்த உடன்பட்டன. மூன்று ஆண்டுகளில் இவ்வளவும் நடந்தது. இந்தியாவில் ஒருவரும் முன்வந்து ஒப்புக்கொள்ளாத நிலையில், புகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை எட்டு ஆண்டுகள் ஆயின.

அரசின் விற்பனை: தமிழ்நாடு அரசு 2015 ஜனவரியில் 'அம்மா சிமெண்ட்' திட்டத்தைத் தொடங்கியது. தனியார் ஆலைகளிடம் வாங்கிய சிமெண்ட் மூட்டை ரூ. 190 விலையில் விற்கப்பட்டது. 2021 நவம்பரில் டான்செம் 'வலிமை' என்ற பெயரில் மூட்டை ரூ. 350, ரூ. 365 ஆகிய விலைகளில் சிமெண்டை அறிமுகப்படுத்தியது. இத்தகைய விற்பனை வாங்குவோருக்கு உடனடி உதவி ஆகும். எனினும் அது விலைக்கூட்டைக் கண்டுபிடிப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை.

விதி இணக்கப் பண்பாடு

விதி இணக்கப் பண்பாடு என்பது, கண்காணிப்பவர் இல்லாத இடத்திலும் விதியின்படி நடப்பதை ஒரு நிறுவனத்தினர் இயல்பாகக் கொள்ளும் நிலையைக் குறிக்கும். இந்தியப் போட்டி ஆணையம் 2017 இல் நிறுவனங்களுக்கான இணக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டது. இத்தகைய பண்பாட்டின் கூறுகளைச் சிமெண்ட் தொழிலை வைத்துப் பின்வருமாறு விளக்கலாம்.

எல்லை தெளிவாக இருத்தல்: தொழிற்சங்கக் கூட்டங்கள் சட்டப்படி தவறானவை அல்ல. சுரங்கப் பாதுகாப்பு, தூசுக் கட்டுப்பாடு, தொடர்வண்டிப் பெட்டிகளின் பற்றாக்குறை, வரி விதிப்பு ஆகியன பற்றிப் போட்டியாளர்கள் கூடிப் பேசலாம். அடுத்த மாத விலை, குறைக்கப்போகும் உற்பத்தி, யாருக்கு எந்த மாவட்டம் என்பன பற்றிப் பேசக் கூடாது. பேச்சு அத்திசையில் திரும்பினால் எதிர்ப்புத் தெரிவித்து, அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்து, வெளியேற வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் உடன்பட்டதாகவே கொள்ளப்படலாம்.

தகவலைக் கையாளுதல்: 2012 ஆம் ஆண்டு உத்தரவு, உறுப்பினர்கள் வழியாக மொத்த, சில்லறை விலைகளைத் திரட்டுவதையும், ஒவ்வொரு நிறுவனத்தின் உற்பத்தி, அனுப்புகை விவரங்களை மற்ற உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடுவதையும் நிறுத்துமாறு சங்கத்திற்குக் கட்டளையிட்டது. புள்ளிவிவரம் தேவையெனில், தொடர்பற்ற ஓர் அமைப்பு அதைத் திரட்டி, காலங்கடந்த மொத்தத் தொகையாக மட்டும் வெளியிடுவது பாதுகாப்பான முறை ஆகும்.

அண்மையின் ஆபத்து: அரியலூர் போன்ற தொழில் நகரங்களில் வெவ்வேறு ஆலைகளின் அலுவலர்கள் ஒரே ஊரில் வாழ்கின்றனர். ஒரே கடைக்காரர் பல நிறுவனங்களின் மூட்டைகளை விற்கிறார். நட்பைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் ஒருவரின் நாளைய விலை அந்த நட்பின் வழியாகவோ கடைக்காரரின் வழியாகவோ மற்றவருக்குச் செல்லலாம். நேரடியாகப் போட்டியிடாத இடைநிலையாளர் ஒருவர் கூட்டுக்கு உதவினாலும் அவரும் பொறுப்பாவார் என்பதை 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

ஊக்கத்தொகையைச் சீராக்குதல்: எந்த வழியிலாவது இலக்கை எட்டியவருக்குப் பதவி உயர்வு, விதியைக் காக்க இலக்கைத் தவறவிட்டவருக்குக் கண்டனம் என்று ஒரு நிறுவனம் நடந்தால், சுவரில் தொங்கும் நெறிமுறை அட்டைக்குப் பொருள் இல்லை. விற்பனை அலுவலர் பின்பற்றுவது அட்டையை அன்று, சம்பளச் சீட்டை.

சொல்பவரைக் காத்தல்: நிறுவனங்கள் சட்டம் 2013 இன் 177 ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட சில வகை நிறுவனங்களும் 'விழிப்பு நடைமுறை' ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. தவறைக் கண்ட ஊழியர் பழிவாங்கப்படாமல் முறையிடவும், தேவையான நேர்வுகளில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் அது வழிசெய்ய வேண்டும். ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரில் இப்பாதுகாப்பு மேலும் முக்கியமானது. ஓர் ஆலையில் வேலை இழந்தவர் அடுத்த வேலைக்கு அணுக வேண்டியதும் அதே தொழிலைச் சேர்ந்த பக்கத்து ஆலையையே.

தாள் அளவிலான இணக்கம்

விதி இணக்கத்திற்கான துறை, கையேடு, பயிற்சி ஆகியவை இருப்பதால் மட்டும் பண்பாடு உருவாகிவிடாது. சத்யம் நிறுவனம் தன் மோசடி வெளிப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2008 இல், சிறந்த நிறுவன ஆளுகைக்கான 'தங்க மயில்' விருதைப் பெற்றிருந்தது. பின்னர் அவ்விருது திரும்பப் பெறப்பட்டது. தன்னியக்க இயக்குநர்கள், தணிக்கைக் குழு, பெயர்பெற்ற தணிக்கை நிறுவனம் ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. கேள்வி கேட்பவர் மட்டும் இல்லை.

சிமெண்ட் வழக்கிலும் இதையொத்த படிப்பினை உண்டு. 2007 ஆம் ஆண்டு உத்தரவு, 2009 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2012, 2016 ஆம் ஆண்டுகளின் அபராதங்கள் ஆகிய அனைத்தும் நிகழ்வு முடிந்த பின் வருபவை. அபராதத் தொகை அரசின் கருவூலத்திற்குச் செல்கிறது. கூடுதல் விலை கொடுத்து வீடு கட்டியவருக்கு அது தானாகத் திரும்புவதில்லை. இழப்பீடு கோரச் சட்டத்தில் இடமிருந்தாலும், 400 மூட்டை வாங்கிய ஒருவர் தாம் எவ்வளவு இழந்தார் என்பதை மெய்ப்பிப்பது மிகக் கடினம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பக்கத்தில் குடியிருந்து, அந்தக் கல்லில் செய்த சிமெண்டை அங்கேயே வாங்குபவருக்கும் இதுவே நிலை. ஆகையால் அவருக்குப் பயன்படும் பாதுகாப்பு, விலை பேசப்படும் அறையிலிருந்து ஓர் அலுவலர் எழுந்து வெளியேறுவதும், அவ்வாறு வெளியேறியவரை அவருடைய நிறுவனம் கைவிடாமல் இருப்பதுமே ஆகும்.